மரித்தோர் பட்டியலின் கடைசிப் பெயர்

கங்குங் கீரையின் தண்டை நகத்தால் கிள்ளி ஒடித்தால் "டப்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். உள்ளே ஒன்றுமில்லாத குழாய் அது. ஒடிந்த இடத்திலிருந்து சேறும் இரும்பும் கலந்தாற்போல ஒரு வாடை எழும்பும். வெள்ளவத்தைச் சந்தையில் இன்றைக்கும் யாராவது ஒருத்தி, தண்டு முற்றலா இளசா என்று ஒடித்துப் பார்க்கும்போது, நான் இரண்டு கடை தள்ளி நின்றாலும் அந்தச் சத்தம் நேரே என் பின்கழுத்தில் வந்து விழுகிறது. என் அப்பா அடிப்பதற்குத் தடி தேடுகிற மனிதரல்ல. கையில் எது இருக்கிறதோ அதுதான் தடி. அவர் கையில் எப்போதும் இருந்தது தண்ணீர் சொட்டும் கங்குங் கட்டு.

இந்த வருடம் தவக்காலத்தில் அவர் செத்துப்போனார். தொண்ணூற்றேழு வயது. அடக்கப் பூசையில் இளம் சுவாமியார் அரை மணித்தியாலம் பிரசங்கம் வைத்தார்: நீண்ட ஆயுள் ஆண்டவர் தரும் கொடை, கடைசிவரை மண்ணைவிட்டுப் போகாத கத்தோலிக்க விவசாயி, செபமாலை தவறாத கைகள் என்றெல்லாம். ஹெந்தளைச் சனம் தலையாட்டிற்று. முன் வாங்கில் இருந்த நான் அசையவில்லை. அந்த ஆயுள் எதைத் தின்று அத்தனை தூரம் நீண்டது என்று அந்தக் கோயிலுக்குள் தெரிந்த ஒரே ஆள் நான். சுவாமியார் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

எங்கள் தோட்டம் ஹெந்தளையில், கால்வாய்க்கு இந்தப் பக்கம், சதுப்பை வெட்டி மேடாக்கிய நிலத்தில் இருந்தது. மன்னார்ப் பக்கமிருந்து வந்த அப்பாவின் அப்பா வெட்டிய மேடு அது. நீளநீளமான பாத்திகள், நடுவில் ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய வரம்புகள், பாத்திகளுக்கிடையில் கறுத்த தண்ணீர். கங்குங், முளைக்கீரை, வல்லாரை, பொன்னாங்காணி. விடியுமுன் பிடுங்கி, கால்வாயில் அலசி, வாழைநாரால் கட்டி, சாக்கில் நனைத்துப் போர்த்தி, அண்ணன் சைக்கிளில் கொட்டாஞ்சேனைச் சந்தைக்குக் கொண்டுபோவான். மாலையில் இரண்டு "பூவாளி" நிறையத் தண்ணீர், இரண்டு தோளுக்கும் ஒவ்வொன்று, முந்நூறு நடை. அதை நான் எண்ணவில்லை, அப்பாதான் எண்ணுவார். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில் ஒருவன் வாளியை வைத்துவிட்டால் அவருக்குத் தெரியும்.

குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்த ஓலையை அவர் வீட்டுச் சுவரில் செருகமாட்டார். சின்னச் சின்னச் சிலுவைகளாக மடித்து ஒவ்வொரு பாத்தியின் மூலையிலும் குத்திவைப்பார், நத்தை வராதிருக்க, கள்ளன் வராதிருக்க, பக்கத்துத் தோட்டக்காரனின் கண் படாதிருக்க. பாத்திக்குள் கால் வைப்பது எங்கள் வீட்டில் பெரிய பாவம். களவு செய்தால்கூட அவர் ஒருவேளை மன்னித்திருப்பார். பாத்தியை மிதித்தால் மன்னிப்பில்லை. "அது பாத்தி இல்லை, பீடம்" என்பார். பீடத்துக்கு இருந்த மரியாதையில் கால்வாசியாவது எங்களுக்கு இருந்திருக்கலாம்.

எங்கள் மூன்று பேருக்கும் அவர் வைத்திருந்த பதில் ஒன்றேயொன்று. அம்மா எதைக் கேட்டாலும், அண்ணன் எதைக் கேட்டாலும், நான் எதைக் கேட்டாலும், வாழைநாரை வாயில் கடித்துக்கொண்டே சொல்லுவார்: "நான் செத்த பிறகு செய்யுங்கோ."

எங்கள் ஒழுங்கையின் வாசல் வரைக்கும் மின்கம்பம் வந்துவிட்டது. வீட்டுக்குக் கம்பி இழுப்போமா என்று அண்ணன் கேட்டான். "நான் செத்த பிறகு லைட்டு எரியுங்கோ." கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்க ஆள் தேடுகிறார்கள், நான் போகட்டுமா என்றான். "நான் செத்த பிறகு எங்கை வேணுமெண்டாலும் போ. அதுவரைக்கும் இந்த வரம்பிலை நிண்டுகொள், யூதாசு." அண்ணன் பெயர் அந்தோன். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. "யூதாசு" என்பது பத்து வயதிலிருந்து அப்பா அவனைக் கூப்பிடும் பெயர், எதைக் காட்டிக்கொடுத்தான் என்று யாருக்கும் தெரியாது. நான் கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிமாரின் பள்ளிக்கூடத்துக்குத் தேறியிருந்தேன். "கீரை பிடுங்க இங்கிலீசு தேவையில்லை. நான் செத்த பிறகு படி."

பத்து வயதுப் பிள்ளைக்கு "செத்த பிறகு" என்பது ஒரு காலமாகத் தெரியாது. எனக்கு அது ஒரு ஊராகத் தெரிந்தது. கால்வாய்க்கு அக்கரையில் எங்கோ, புகையிரதம் போய் நிற்கிற ஊர். அங்கே எங்கள் வீட்டுக்கு லைட்டு எரிந்தது. அண்ணன் விரலில் சேறு இல்லாமல் மை இருந்தது. எனக்கு வெள்ளைச் சப்பாத்து இருந்தது. அம்மா புதுச் சேலை உடுத்தி, யன்னலோரம் இருந்து, யாருக்கோ கை காட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊருக்குப் போவதற்கு ஒரே ஒரு ஆள் சாகவேண்டியிருந்தது. அந்த ஆளோ காலையில் ஐந்து தோசையும் பாதித் தேங்காயின் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாலையில் வெறும் சீமெந்துத் தரையில் எங்களை முழங்காலில் நிறுத்தி, செபமாலை முடிய, சூசையப்பரிடம் நல்ல மரணம் கேட்கும் செபத்தை மிக உரத்த குரலில் சொல்லுவார். நான் அந்தச் செபத்தில் ஒரு நாளும் தூங்கியதில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழைக்குச் சற்று முன் மன்னாரிலிருந்து தந்தி வந்தது. அம்மாவின் அக்கா, எங்கள் லூர்துப் பெரியம்மா, நெஞ்சுவருத்தமாகக் கிடக்கிறாள், தங்கச்சியைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று. புகையிரதம் ஓடுகிற நாளும் ஓடாத நாளும் இருந்த காலம். ஆனாலும் போகலாம், பக்கத்து வீட்டு ஆட்கள் போய் வந்திருந்தார்கள். அம்மா தந்தியை முந்தானையில் முடிந்துகொண்டு வரம்பில் போய் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, ரெண்டு நாள்தான். மூண்டாம் நாள் பூசைக்கு வந்திடுவன்."

அப்பா நிமிரவில்லை. "மழைக்கு முந்திப் பொன்னாங்காணி முழுக்கப் பிடுங்கோணும். ஆர் கட்டுறது?"

"பிள்ளை கட்டுவாள்."

"பிள்ளை கட்டின கட்டைச் சந்தையிலை பாத்தியே? அவிழ்ந்து, பேயாட்டம் ஆடினவள்ட தலை மாதிரிக் கிடக்கு."

"அக்கா சாகக் கிடக்கிறாள்."

"நான் செத்த பிறகு போய்ப் பார்."

அம்மா வந்து அடுப்படியில் இருந்தாள். பத்தாம் நாள் இன்னொரு தந்தி வந்தது. அதை அவள் முந்தானையில் முடியவில்லை, அடுப்பில் போட்டாள்.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் இருந்தது. கார்த்திகை, மரித்த ஆன்மாக்களின் மாதம். முதலாம் திகதிக்கு முன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடித உறையும் கோடு போட்ட தாளும் கொடுப்பார்கள். குடும்பத்தில் செத்தவர்களின் பெயர்களை அதில் எழுதி, பீடத்தடியில் வைத்திருக்கும் பெட்டியில் போடவேண்டும். அந்த மாதம் முழுக்க மாலைப் பூசையில் சுவாமியார் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயர்களை வாசிப்பார். உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆன்மாக்களுக்கு அதனால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தது போல இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் எழுதுகிற ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அண்ணனுக்கு நேரமில்லை, அப்பா எழுத்துக் கூட்டி வாசிப்பாரே தவிர எழுதமாட்டார். என் கையெழுத்து அழகு. அது ஒன்றுதான் அப்பா என்னைப் பற்றி வெளியாட்களிடம் சொல்லும் நல்ல சொல்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு பெயர்களைச் சொன்னாள். அப்பாவின் அப்பா, அப்பாவின் அம்மா, எனக்கும் அண்ணனுக்கும் இடையில் பிறந்து பெயர் வைத்த கையோடு போய்விட்ட இரண்டு பிள்ளைகள், வேறும் சிலர். வருடாவருடம் அதே ஒழுங்கு. கடைசியில் அவள் நிறுத்தினாள். வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"பெரியம்மாவையும் போடு."

நான் "லூர்தம்மா" என்று எழுதினேன். அம்மா தாளை எட்டிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாத அவள் அந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இதுவா?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். விரலை எடுக்காமல் இருந்தாள். மை ஊறி, விரல்நுனியில் நீலம் ஒட்டியது. அதை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள்.

அவள் முதுகு கதவைத் தாண்டியதும் நான் பெரியம்மாவின் பெயருக்குக் கீழே, என் கையிலிருந்த அத்தனை அழகோடும், "வஸ்தியான்" என்று எழுதினேன். அது என் அப்பாவின் பெயர். உறையை நாக்கால் ஈரமாக்கி ஒட்டினேன். பசையின் இனிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

விளையாட்டுக்கு எழுதவில்லை. பெட்டிக்குள் போன பெயர்கள் எல்லாம் செத்தவர்களின் பெயர்கள்; ஆகவே பெட்டிக்குள் போகிற பெயர்க்காரர் சாவார். அவ்வளவுதான் என் மறைக்கல்வி.

பயந்தேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். நான் பயப்படவில்லை, காத்திருந்தேன். அவர் தும்மினால் பார்த்தேன். வரம்பில் வழுக்கினால் பார்த்தேன். இரண்டாம் கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்தது. சதுப்பில் நிற்கிறவர்களுக்கு வருகிற எலிக்காய்ச்சல் என்று அண்ணன் பயந்தான். பக்கத்துத் தோட்டத்தில் அதில் ஒரு ஆள் போயிருந்தார். அப்பா பாயில் கிடந்து கண் சிவந்து பிதற்றினார். அம்மா நெற்றிக்கு ஈரத்துணி மாற்றினாள். நான் மூலையில் இருந்து எங்கள் வீட்டுக்கு வரப்போகிற லைட்டை எந்த வளையில் தொங்கவிடலாம் என்று முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் காலை அவர் எழும்பி, கஞ்சி கேட்டு, குடித்து, "ஒருத்தனும் தண்ணி ஊத்தேல்லை போலை, பாத்தி வெடிச்சுப்போய்க் கிடக்கு" என்று ஏசிக்கொண்டு பூவாளியைத் தூக்கினார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை மாலைப் பூசையில் எங்கள் உறை பிரிக்கப்பட்டது.

சுவாமியார் கிழவர், தடித்த கண்ணாடி. ஒரே இழுவையில் வாசித்துக்கொண்டு போவார். ஒவ்வொரு பெயருக்கும் சனம் பதில் சொல்லும். அப்பா இரண்டாம் வாங்கில், அவருடைய வழமையான இடத்தில் இருந்தார். தன் தகப்பனின் பெயருக்குத் தலை குனிந்தார். பிள்ளைகளின் பெயருக்குக் குனிந்தார். "லூர்தம்மா" என்றார் சுவாமியார். அம்மா என் பக்கத்தில் மூச்சை உள்ளே இழுத்தாள். "வஸ்தியான்" என்றார் சுவாமியார். சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் போட்டு, தாளைப் பார்த்து, இரண்டாம் வாங்கைப் பார்த்தார்.

அப்பா எழும்பி நின்றார். "சுவாமி, நான் இஞ்சைதான் நிக்கிறன். இன்னும் போகேல்லை."

பின்னாலிருந்த மீன்காரப் பெண், "அவசரமில்லை அண்ணே, ஆறுதலாப் போங்க!" என்றாள். கோயில் முழுக்கச் சிரித்தது. கிழட்டுச் சுவாமியார்கூடத் தாளால் வாயை மறைத்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் திரும்பி, பெண்கள் பக்கத்து வாங்குகளில் என்னைத் தேடினார்.

பூசை முடிந்து கருக்கலில் வீடு வந்தோம். சுவாமியாரிடம் கேட்டு வாங்கிய தாள் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. அரிக்கன் விளக்கை மேசையில் வைத்து, தாளை அதன் முன் விரித்து, எங்கள் மூன்று பேரையும் சுவரோடு நிறுத்தினார்.

"எழுதினது நீ. அது தெரியும்," என்றார் என்னைப் பார்த்து. "பத்து வயசுப் பிள்ளைக்கு இது தானா வராது. சொல்லித் தந்தது ஆர்? கொம்மாவோ? கொண்ணனோ?"

அவர் கத்தியிருந்தால் ஒருவேளை உண்மை வெளியே வந்திருக்கும், அவர் கத்தவில்லை. மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தார், நகக்கண்ணெல்லாம் கறுப்புச் சேறு.

"ரெண்டு பேரிலை ஒராள் இண்டைக்கு இந்த வீட்டை விட்டுப் போகோணும். ஆர் எண்டு நீ சொல்லு."

அம்மாவைப் பார்த்தேன். அவளுக்குப் போவதற்கு இடமில்லை. இருந்த ஒரு இடமும் செத்துப்போயிருந்தது. 'நானாகவே எழுதினேன்' என்று சொல்லியிருக்கலாம். மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவேயில்லை. அல்லது தோன்றியது, கங்குங் கட்டு சுவரோரம் ஈரமாகக் கிடந்ததையும் கண்டேன். நாற்பது வருடமாக இந்த இரண்டில் எது என்று தீர்க்க முடியவில்லை.

"அண்ணா," என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். கோபமில்லை, சைக்கிள் பாரம் கூடினால் ஒரு கணம் நிதானிப்பானே, அந்தப் பார்வை. பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னான். "ஓம். நான்தான் சொன்னனான்."

"எனக்கு முன்னமே தெரியும். யூதாசு."

"முப்பது காசு தரேல்லையே, கீரையல்லோ சுமந்தனான்," என்றான் அண்ணன். அந்த வீட்டில் அப்பாவுக்கு எதிராகச் சொல்லப்பட்ட முதலாவது பகிடி அது. அம்மா "வாயை மூடு அந்தோன், வாயை மூடு" என்று அழத் தொடங்கினாள்.

அவன் இரண்டு சாரமும் ஒரு சட்டையும் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினான். வரம்பால் போகவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாகப் பாத்திக்குள் காலை வைத்தான். முளைக்கீரை விரற்கடை உயரத்துக்குத் தளதளத்து நின்றது. அதற்குக் குறுக்கே, ஒவ்வொரு பாத்தியாக, மெதுவாக, குருத்தோலைச் சிலுவைகளைத் தாண்டி, கால்வாய்ப் பாலம் வரைக்கும் மிதித்துக்கொண்டே போனான். அவன் போன வழியில் காலடிகளில் தண்ணீர் ஊறி, அந்த அரை வெளிச்சத்தில் மினுங்கிற்று. அடுத்த நாள் விடிய முன் அப்பா மண்வெட்டியோடு போய் ஒவ்வொரு காலடியையும் மூடினார். பாடசாலைக்குப் போகும்போது பார்த்தேன், ஒன்றுகூட மிச்சமில்லை.

ஊர் அவரைச் சும்மா விடவில்லை. "மரித்த வஸ்தியான்" என்று பெயர் வைத்தது. அண்ணன் இல்லாததால் கொட்டாஞ்சேனைக்கு அவரே சைக்கிள் மிதிக்கவேண்டி வந்தது. என்னைப் பின்னால் சாக்குக் கட்டின்மேல் ஏற்றிக்கொண்டு போன ஒரு சனிக்கிழமை, மொத்தமாகக் கீரை எடுக்கும் முஸ்லிம் வியாபாரி சந்தை வாசலிலேயே கையைத் தூக்கினார்: "வாங்க வஸ்தியான் அண்ணே! கபுறுக்குள்ள இருந்து வந்தாலும் ஒங்கட கீரை மட்டும் பச்சையாத்தான் ஈக்கி." சுற்றி நின்றவர்கள் வயிறு பிடித்துச் சிரித்தார்கள். அப்பா சாக்கை இறக்கினார். திரும்பி வரும் வழி முழுக்க நான் பின்னால் இருந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த முதுகு வெட்கப்பட்டதைக் கண்டேன். எனக்கு இனித்தது.

அடுத்த கார்த்திகை வந்தது. உறையும் தாளும் வந்தன. அம்மா பெயர்களைச் சொன்னாள், நான் எழுதினேன். "லூர்தம்மா" எழுதி முடித்ததும் கதவில் நிழல் விழுந்தது.

"என்ரை பேரையும் போடு," என்றார் அப்பா.

அம்மா, "ஐயோ, என்ன கதை இது?" என்றாள்.

"எழுதினவள்தானே. எழுதட்டும். போன வருசம் எழுதினவள், எனக்குக் காய்ச்சல் வந்து மாறிச்சுது. ஊர் முழுக்க எனக்குச் செபம் சொல்லிச்சுது. நல்ல மருந்து. எழுது."

எழுதினேன். அவர் இரண்டாம் வாங்கில் நெஞ்சை நிமிர்த்தி இருந்து, தன் பெயர் வாசிக்கப்பட்டபோது எல்லாருக்கும் கேட்கும்படி தொண்டையைச் செருமினார். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் வருடத்தில் "மரித்த வஸ்தியான்" என்கிற பெயரை ஊர் மறந்துவிட்டது. புதிதாக வந்த ஒரு சுவாமியார், உயிரோடிருக்கிறவரின் பெயரை வாசிக்கமாட்டேன் என்றார். அப்பா மூன்று கிழமை அவருடைய வீட்டுக்குக் கீரை கொடுக்கவில்லை, பூசைக்கு வந்து பிரசங்க நேரத்தில் எழும்பி வெளியே போனார், கடைசியில் வாசிக்கவைத்தார்.

இப்படி முப்பத்தொன்பது கார்த்திகை. நான் வளர்ந்தேன், கன்னியாஸ்திரிமாரின் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே படித்தேன், கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தேன். ஒவ்வொரு ஐப்பசிக் கடைசியிலும் ஹெந்தளையிலிருந்து தகவல் வரும்: "கடுதாசி வந்திருக்கு, வரச் சொல்லு." இரண்டு பஸ் மாறிப் போய், அதே மேசையில், செத்தவர்களை எழுதி, கடைசியில் சாகாத அவரை எழுதிவிட்டு, ஒரு பிளேன்டீயும் குடிக்காமல் திரும்புவேன். அம்மா செத்தாள், பட்டியலில் பெரியம்மாவுக்குக் கீழே ஏறினாள். அவள் மன்னாருக்குப் போகவேயில்லை. அந்தக் குழந்தைத்தனமான எண்ணம் ஒருநாளும் என்னைவிட்டு முழுதாகப் போகவில்லை: நான் எழுதுகிற மையில்தான் அவர் ஊறி ஊறி உயிர் வாழ்கிறார் என்று. எழுதாமல் விட்டுப் பார்த்திருக்கலாம். எழுதாமல் விடுகிற தைரியம் எனக்கு இருந்ததில்லை. அவர் செத்துவிடுவார் என்ற பயமில்லை. சாகாமல் இருந்து, ஏன் எழுதவில்லை என்று கேட்பார்.

அண்ணன் கொட்டாஞ்சேனையில் அச்சகத்தில் சேர்ந்தான். விரலில் மையோடு சிரித்துக்கொண்டு என் கல்யாணத்துக்கு வந்தான். அப்பா அவன் இருந்த வரிசையை விட்டு நாற்காலியை மாற்றிப் போட்டார். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம், "விடு பிள்ளை, நீ கதவைத் திறந்துவிட்டனீ" என்பான். அப்படிச் சொல்லிவிட்டு, தோட்டத்தில் இப்போது என்ன பயிர் நிற்கிறது, கால்வாய்த் தண்ணீர் உப்பா என்று கேட்பான். கேட்காமல் விட்ட நாள் இல்லை. ஐம்பத்திரண்டாவது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனான். எண்பத்தேழு வயதில் அப்பா அடக்கத்துக்கு வந்தார். குழிக்குள் போட ஒரு பிடி மண் எடுத்தவர், அதை விரலால் நசுக்கி, மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். "வெறும் மணல். இதிலை ஒண்டும் முளையாது," என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

கடைசி இரண்டு வருடம் அவர் கட்டிலோடு. சுற்றியிருந்த தோட்டங்களை எல்லாம் லொறி லொறியாக மண் கொட்டி நிரப்பிவிட்டார்கள். எங்கள் மேடு பள்ளமாகி, மழைக்குப் பக்கத்து அழுக்கெல்லாம் வந்து தேங்கியது. கட்டிலில் கிடந்தபடி அவருடைய கைகள் மட்டும் இல்லாத நாரால் இல்லாத கீரையைக் கட்டிக்கொண்டிருந்தன. போன கார்த்திகைக்குப் பட்டியல் எழுதப் போனபோது, அவரும் நானும் மட்டும் இருந்தோம். அண்ணனின் பெயரை எழுதினேன். பேனை நின்றது.

"அண்ணா எனக்கு ஒண்டும் சொல்லித் தரேல்லை, அப்பா. நானாத்தான் எழுதினனான்."

கைகள் கட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. அவன் சொல்லியிருந்தா என்ரை பேர் முதலாவதா நிண்டிருக்கும். அது லூர்துக்குக் கீழை நிண்டுது. அது பொம்பிளை வேலை."

"அப்ப ஏன் அண்ணாவை விரட்டினீங்கள்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விளங்காத பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற சலிப்பு அந்த முகத்தில். "ஊர் சிரிச்சது. ஆரையாவது விரட்டத்தானே வேணும். பொம்பிளைப் பிள்ளையை விரட்டேலாது. கொம்மாவை விரட்டினா ஆர் சமைக்கிறது?" பிறகு, "எழுதியாச்சே? என்ரை பேரைப் போடு."

அப்போதுதான் முப்பத்தொன்பது தாள்களும் என்னவென்று விளங்கியது. அது மருந்துமில்லை, வீம்புமில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு சுவாமியார் கொடுப்பாரே அபராதம், அதை அவர் எனக்குத் தனியாகக் கொடுத்திருந்தார், நான் பாவத்தைச் சொல்லுமுன்னரே. நான் சொன்ன பிறகும் அது முடியவில்லை. கட்டிலில் அவருடைய தலைக்குப் பக்கத்தில் இரண்டாவது தலையணை ஒன்று இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். பிறகு "வஸ்தியான்" என்று அழகாக எழுதி, உறையை ஒட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது அங்கே தோட்டம் இல்லை. கொள்கலன்களை அடுக்கிவைக்கும் முற்றம். சிவப்பும் நீலமுமாகப் பெட்டிகள், ஆறு அடுக்கு. அண்ணனின் காலடிகள் இருந்த இடத்தில் எத்தனை டன் இரும்பு நிற்கிறதோ தெரியாது. கோயிலிலும் பெயர்களை வாசிப்பதில்லை. பெட்டியைப் பூவால் அலங்கரித்துப் பீடத்தடியில் வைப்பதோடு சரி. வெள்ளவத்தைப் பங்கில் போன ஞாயிறு உறை கொடுத்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன், மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். அப்பாவின் அப்பாவும் அம்மாவும், அந்த இரண்டு பிள்ளைகளும், பெரியம்மா, அம்மா, அண்ணன். அதற்குக் கீழே ஒரு கோடு வெறுமையாக இருந்தது. நாற்பது வருடத்தில் அந்தப் பெயர் அந்த இடத்துக்கு உரியதாக இருப்பது இந்த வருடம்தான். உத்தரிக்கிற ஸ்தலம் ஒன்று இருந்தால், இப்போதுதான் அவருக்குத் தண்ணீர் வேண்டும்.

பேனையை மூடினேன்.

தோளுக்குப் பின்னால் நின்ற என் மகள், தாத்தாவின் மடியில் ஒருநாளும் இருந்திராதவள், தாளை எட்டிப் பார்த்தாள். "அம்மா, தாத்தாட பேரை விட்டுட்டீங்க."

"விடேல்லை."

"அப்ப எழுதலையே. நான் எழுதட்டா?"

"நான் செத்த பிறகு எழுது," என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேசையிலிருந்த பேனையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். அவளுக்கும் கையெழுத்து அழகு.